முழங்காலுக்கு மேலே சாரம் உயர்த்தியது பற்றிக் கிறகோரி சொன்னது

பெயர் சந்தியோகு கிறகோரி. வயது ஐம்பது. வதிவிடம் யாழ்ப்பாணம், குருநகர். சமயம் கத்தோலிக்கம். தொழில் என்ற இடத்தில் ‘கடற்றொழில்’ என்று எழுதப்பட்டதை நான் ஆட்சேபித்ததன் பேரில் அது வெட்டப்பட்டு, ‘ஐஸ் ஹொக்கி, சம்பளத்துக்கு விளையாடி ஓய்ந்தவர்’ என்று எழுதப்பட்டது. 1943ஆம் ஆண்டு மாசி மாதம் பொலிஸ் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் வெளியே வரும் நேரத்தில், கோயில் முற்றத்தில் நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை முழங்காலுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது உண்மை. மாதா சபைப் பெண்கள் அவ்விடத்தில் நின்றதும் உண்மை. அவர்களில் என் மனைவி மரியநாயகியும் ஒருவர். அன்று முதல் அவர் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் கோயில் மூப்பர் தன் முறைப்பாட்டில் சொல்லியிருப்பதுபோல் நான் குடிவெறியில் நிற்கவில்லை. வெறியில் நின்றிருந்தால் வெட்கம் குறைந்திருக்கும்.

இதற்குக் காரணம் பின்வருமாறு. 1920ஆம் ஆண்டு நான் கப்பலில் கரி அள்ளும் வேலையில் இருந்தபோது, கனடாவில் ஆறு உறைந்து கப்பல் அசையாமல் நின்றுவிட்டது. அதன்பின் நான் இறங்கி ஒரு மர ஆலையில் சேர்ந்தேன். அந்த ஊரில், உறைந்த தண்ணீரின்மேல் இரும்பு அலகு பூட்டிய சப்பாத்தோடு ஓடி, றப்பர் வட்டொன்றைத் தடியால் அடித்து விளையாடுவார்கள். ஆலைக்காக விளையாடிய கட்சியில், வட்டு வலைக்குள் போகாமல் கோல் காப்பவருக்குத் தாடை உடைந்தது. அதன்பின், எறிகிற எதையும் நான் பிடிப்பதைக் கண்டிருந்த ஆலைத் துரை என்னை அந்த இடத்துக்கு வைத்தார். மூன்று மாரிக்காலம் சம்பளத்துக்கு விளையாடினேன். என் முன்பல் இரண்டும் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. இதையெல்லாம் குருநகரில் இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். கேளாதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். நம்பினவர் என் மகள் கத்தரீனா மட்டும்.

கத்தரீனாவுக்குப் பாசையூர் மரியரட்ணத்தின் மகனைப் பேசி, போன மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தரகர் யாகப்புவும் வந்தார். எங்கள் விறாந்தையில் திரு இருதயப் படத்துக்குக் கீழே, நான் விளையாட்டு உடுப்போடு நிற்கிற படம் மாட்டியிருக்கிறது. வட்டு பட்டு எலும்பு உடையாதிருக்க, கோல் காப்பவர் தோல் உறைக்குள் மான்மயிர் அடைத்த காப்பைத் தொடையிலிருந்து பாதம்வரை கட்டுவது வழக்கம். ஆகையால் படத்தில் என் கால் ஒவ்வொன்றும் தலையணை அளவு இருக்கும். மரியரட்ணம் அதை நெடுநேரம் பார்த்தார். அதன்பின் என் சாரத்தைப் பார்த்தார். அதன்பின் பலகாரத்தில் கைவைக்காமல், வெற்றிலையும் எடுக்காமல், வெயில் ஏறப்போகுது என்று எழும்பிவிட்டார். அப்போது பின்னேரம்.

மறுநாள் மீன் சந்தையில் யாகப்பு எனக்கு யானைக்கால் என்று சொல்லித் திரிவதாக அறிந்து, நேரில் போய்க் கேட்டேன்.

“கிறகோரி அண்ணை, இல்லாததையே சொன்னனான்? படத்திலை கிடக்கிறதைத்தானே சொன்னனான். உது பரம்பரையிலை வாற வியாதி எண்டு மாப்பிள்ளை பகுதி பயப்பிடுது,” என்றார்.

அது காப்பு என்றேன்.

“காலுக்கு ஆரண்ணை மெத்தை கட்டுறது?” என்றார்.

நின்றவர்கள் சிரித்தார்கள். மீன் வெட்டுகிற பெண் ஒருவர், “அதுதானே மனுசன் நிலம் கூட்டக் கூட்டச் சாரம் கட்டுறார்,” என்றார். நான் சாரத்தை இறக்கிக் கட்டுவது உண்மை. சீமைக்குப் போய் வந்த ஆள் என்று தெரியட்டும் என்றுதான் அப்படிக் கட்டுவது.

அதன்பின் நான் வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமைகளில் அந்தப் படத்தைத் துடைப்பவர் கத்தரீனா. அந்தச் சனிக்கிழமை துடைக்கவில்லை.

அதன்பின் மரியரட்ணத்துக்கு ஆள் அனுப்பியும் அவர் முகம் தரவில்லை. ஆகவே பூசைக்கு வந்த இடத்தில் அவர் முன்னால் போய் நின்று சாரத்தை உயர்த்தினேன். என் கால் நெத்தலி போன்றது என்பதைப் பங்கு முழுவதும் கண்டது. மூப்பரும் அதை மறுக்கவில்லை. மரியரட்ணம் குனிந்து பார்த்துவிட்டு, “வத்தின கால் திரும்ப வீங்காது எண்டு ஆர் கண்டது?” என்றார். இதற்குமேல் நான் எதைத் தூக்கிக் காட்டுவது என்று இந்த நிலையம் எனக்குச் சொல்ல வேண்டும். ஒரு பெண்பிள்ளையின் சம்பந்தத்தைக் கெடுத்தவர் சுருட்டோடு சந்தையில் நிற்கிறார். மெலிந்த காலை வைத்திருக்கிற நான் நிலையத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்து பதில் சொல்கிறேன்.

என் இரண்டு கால்களும் இன்ஸ்பெக்டர் ஐயாவால் பார்வையிடப்பட்டு, வீக்கமில்லை என்று பதியப்பட்டது. இதன் பிரதியொன்றை மரியரட்ணத்துக்குக் காட்டத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிரதி தருமுன் ஐயா கேட்டது: வியாதிக் காலால் அந்த உறைந்த தண்ணீரில் ஓட முடியாது, ஆகவே நீர் ஓடினீர் என்றால் அதையே அத்தாட்சியாக எழுதலாம், ஓடினீரா என்பது.

சத்தியத்தின் பேரில் சொல்வதால், ஓடவில்லை. எனக்குச் சறுக்க வராது. கட்சியில் இருவர் என் கமுக்கட்டுக்குள் கைகொடுத்துக் கொண்டுபோய்க் கோலில் நிறுத்துவார்கள். ஆட்டம் முடிந்ததும் வந்து எடுத்துப் போவார்கள்.

வாசிக்கக் கேட்டேன். என் வாயால் வந்தபடியே இருக்கிறது, பொய் ஒன்றும் கலக்கவில்லை. ஒருமுறை வென்ற சந்தோசத்தில் என்னை எடுக்க மறந்து போனார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும். 

(ஒப்பம்) ச. கிறகோரி