சம்மணம் போட்ட மாமன்

ஹலோ... ஹலோ... அண்ணே, பாண்டீஸ்வரி பேசுறேன்... ம்... ம்... எங்க இருக்கீக?... வீட்லன்னு தெரியும், வீட்ல எங்க?... ஹால்லயா. ஹால்ல கட்டில்லயா, சேர்லயா, தரையிலயா?... பொய் சொல்லாதீக. மதினி இப்பத்தேன் அழுதுக்கிட்டே பேசுனாக... ஆமா, ஆமா, எல்லாத்தையும் சொல்லிட்டாக. சம்மணம் போட்டு ஒக்காந்த மனுசன் எந்திரிக்க முடியாமக் கெடக்காரு, நான் போயி ஆளைக் கூட்டிட்டு வாரேன், அதுவரைக்கும் நீ பேச்சுக் குடுத்துக்கிட்டு இருன்னாக...

இல்லண்ணே, சிரிக்கல... சத்தியமாச் சிரிக்கல... சரி, சிரிச்சேன். ஒங்க காலுக்குச் சிரிக்கல. அரிசிப் பைக்குச் சிரிச்சேன்... பின்ன? பாப்பா கனம் சரியா வரணும்னு அரிசிப் பையைத் தூக்கி மடியில வச்சுப் பாத்தீகளாமே! அதுக்கு மொட்டை போட்டு மாலையும் போட்டீகளா?... கோவப்படாதீக. கோவப்பட்டு எங்க போகப் போறீக, எந்திரிக்கத்தேன் முடியலையே.

ம்... ம்... தெரியும்ணே. நாளன்னைக்கு நம்ம கருப்பர் கோயில்ல பாப்பாவுக்கு மொட்டையும் காது குத்தும். தாய்மாமன் மடியில வச்சுத்தேன் குத்தணும். பெத்தவ எனக்குத் தெரியாதா?... ஆமா. ஒங்களுக்கு இருக்கது ஒரே தங்கச்சி, ஒரே மருமக. தெரியும். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும்லண்ணே, ஒங்களுக்கு இருக்கது ரெண்டே முட்டி.

டாக்டர் என்ன சொன்னாரு?... இல்ல, ஒங்க வாயால சொல்லுங்க, கேப்போம்... ம்... நான் சொல்ற வரைக்கும் மடக்கக் கூடாதுன்னாரா. அவரு சொல்லிட்டாரா, மடக்கலாம்னு?... சம்மணம்னு பேரைச் சொல்லி வேணாங்கலையா! அடி ஆத்தி. அப்ப மரத்துல ஏறாதன்னும் சொல்லலைல்ல, ஏறிப் பாக்குறதுதானே... சரிதேன், அவரு நம்ம மூஞ்சியைக் கூடப் பாக்கல, கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. ஒத்துக்கிறேன். ஆனா சொன்னது ஒங்க காலுக்குத்தேன், கம்ப்யூட்டர் காலுக்கு இல்ல.

பெல்ட்டு எங்க? முட்டிக்குப் போட்ருந்த பெல்ட்டு... கழட்டியாச்சா... ஏன்?... வேட்டிக்கு மேல துருத்திக்கிட்டுத் தெரியுதா. ஆமாமா, அழகு கெட்ருச்சு. பொங்கலுக்குக் கல்யாணமானவுகளுக்கும் ஆகாதவுகளுக்கும் கபடின்னு மானகிரிப் பொட்டல்ல எறங்குனீகளே, அப்ப இந்த அழகு எங்க போச்சு? எதுத்தாப்புல நின்னவன் பூராம் காலேஜ்ஜுப் பய. நீங்க தொடையைத் தட்டிக்கிட்டுப் பாடிப் போனீக... ஒருத்தன் தொட்டானா ஒங்களை? ஒருத்தனும் தொடல! தானாத் திரும்பி, தானா விழுந்து, முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்க தசை நாரைத் தானா அறுத்துக்கிட்டு, மதுரை ஆஸ்பத்திரியில தச்சு... அதையும் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வச்சாய்ங்க. எங்க தெருவுல எல்லாரும் பாத்துட்டுத்தேன் என்கிட்ட துக்கம் விசாரிச்சாக.

என்ன?... யாரு, முத்துராமன் சித்தப்பாவா? அவரு சொன்னாராக்கும், கருப்பர் முன்னாடி சேர் போட்டா குத்தம்னு... அண்ணே, போன மாசிப் படைப்புல அவரு எதுல ஒக்காந்துருந்தாரு? செவப்புப் பிளாஸ்டிக் சேர்ல. நாந்தேன் தூக்கிட்டு வந்து போட்டேன்... ஆமா, கருப்பருக்கு நேர் எதிர்க்க! கால் மேல கால் போட முடியாது, போட்டா எறக்க முடியாது, அதுனால போடல. இல்லாட்டி அதையும் போட்ருப்பாரு. நம்ம வகையறாவுல முட்டி மடங்குற ஆளு எத்தனை பேருன்னு கேக்குறேன்? பந்தியில எலை போட்டா ஒருத்தனும் கீழ ஒக்கார மாட்டேங்குறாக, எல்லாருக்கும் டேபிள் வேணும். கறியைத் திங்க மட்டும் டேபிளு, காது குத்துக்குத் தரையா? கருப்பர் கேட்டாரா ஒங்ககிட்ட?

ம்... ம்... சொல்லுங்க... அதானே பாத்தேன். எங்க இன்னும் அந்தப் பேரு வரலையேன்னு பாத்தேன். நீங்க தரையில ஒக்காராட்டி மருது அண்ணே ஒக்காந்துருவாக. பெரியப்பா மகன், அவுகளும் மாமன் முறைதேன், சீரெல்லாம் வாங்கித் தயாரா வச்சிருக்காக... யாரு சொன்னா? டீக்கடையிலயா? அண்ணே, அவுக ஒங்களை மாதிரியே ஒரு ஆளு. அப்பா செத்தப்ப யாரு மொத மாலை போடுறதுன்னு ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டு நின்னீக, அப்பாவைத் தூக்க நேரமாச்சு. இப்ப எம்மக காதுக்கு நிக்கிறீக. அது என்ன புள்ளைக் காதா, வரப்பா, ரெண்டு பேரும் பாத்தியதை கேக்க?

அது எடது காலுண்ணே. கிளட்சு மிதிக்கிற காலு. திரும்ப ஸ்கூல் வேனை ஓட்டப் போறப்ப எதை வச்சு மிதிப்பீக, மாமன் முறையை வச்சா?... ம்... ம்... என்ன சொன்னீக?... இருங்க. இருங்க. திருப்பிச் சொல்லுங்க.

சத்தம் கேட்டுச்சா?... எப்ப? பையை மடியில வைக்கும்போதா?... பட்டுன்னா... மதினிக்குக் கேட்டுச்சா?... சமையக்கட்டு வரைக்குமா.

அண்ணே, ஒண்ணு செய்யுங்க. வைய மாட்டேன், செய்யுங்க. பையை மெதுவா அங்குட்டுத் தள்ளி விடுங்க... ம். கையால தாங்கி அந்தக் காலை நீட்டுங்க. கையால. மெதுவா... வலிச்சா நிறுத்துங்க... நீட்டிட்டீகளா?... சரி. இப்ப கையை எடுத்துட்டு, மடக்காம, குதிகாலை மட்டும் தரையில இருந்து தூக்குங்க. டாக்டர் தெனம் தூக்கச் சொன்னாருல்ல, அதே மாதிரி... ம்... தூக்குங்க...

தூக்குங்கண்ணே... கொஞ்சங்கூடவா?... நேத்துத் தூக்குனீகள்ல?... நேத்து நல்லாத் தூக்குனீக... முட்டிச் சில்லுக்குக் கீழ தொட்டுப் பாருங்க. எப்படி இருக்கு?... பள்ளமா இருக்கா.

...

இல்ல, இங்கதேன் இருக்கேன்... ஒண்ணுமில்லண்ணே. பஸ்ஸுக்குப் பர்ஸை எடுத்தேன்... ஆமா. அறுந்துருச்சுன்னுதேன் நெனைக்கிறேன். தச்சது போச்சு... இல்ல, பயப்படாதீக, திரும்பத் தைப்பாக. இன்னைக்கே போகணும், தள்ளக் கூடாது. ஒங்களை வைய வாய் வரைக்கும் வருது, ஆனா இப்ப வைய மாட்டேன். தையல் போட்டு முடியட்டும், சேத்து வச்சு வையிறேன்.

காரா? கார் வந்துக்கிட்டு இருக்கு... யாரு காரா? அண்ணே, மதினி யாரைக் கூப்பிடப் போயிருக்காகன்னு நெனச்சீக? அடுத்த தெருவுல கார் வச்சிருக்கது யாரு?... ஆமா. மருது அண்ணேதேன்... எந்திரிக்காதீக! ஏய் அண்ணே, எந்திரிக்காதீக! சாமி சத்தியமா எந்திரிக்காதீக... சாகுறதா? அவுக வண்டியில ஏறுறதுக்குச் சாகலாமா? செத்தா மட்டும் யாரு வண்டியில போவீக, நம்ம பக்கத்துல வேற வண்டி ஏது?

யாரோ வந்துட்டாகல்ல... கதவுச் சத்தம் கேக்குது... ஃபோனை அவுககிட்டக் குடுங்க... குடுங்கன்னா குடுங்க.

மருது அண்ணே... ஆமா, பாண்டீஸ்வரிதேன்... நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம், அதெல்லாம் அப்பறம் கேளுங்க... ம்... அரிசியா? ஆமா, அது பாப்பா. சிரிக்காதீக. வீட்டுக்குப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிங்க. எடது முட்டி திரும்ப அறுந்துருச்சு, நேரா மதுரைக்குப் போகணும். முன் சீட்டுல வைக்காதீக, காலை நீட்டிப் பின்னாடி போடுங்க. பெல்ட்டை மொதல்ல மாட்டி விடுங்க. நானும் காரைக்குடியில இருந்து கெளம்பி வந்துர்றேன்...

என்னது?... நீங்க ஒக்கார்றீகளா, காது குத்துக்கு?... கவலைப்படாத நான் பாத்துக்கிறேன்னா... அண்ணே, நல்ல மனசோடதேன் கேக்குறீகன்னு எனக்குத் தெரியுது. ஆனா காது குத்தல. நாளன்னைக்கு மொட்டை மட்டுந்தேன். காதை அவரு எந்திரிச்சு வந்ததுக்கு அப்பறம் குத்திக்கிருவோம், அவரு மடியில... மடங்காட்டி? மடங்காட்டி சேர்ல. எவன் என்ன பேசுறான்னு நான் பாத்துக்கிறேன், முத்துராமன் சித்தப்பாவுக்கும் பக்கத்துலயே ஒரு சேர் போட்டு வைக்கிறேன். எங்கண்ணன்கிட்ட இதைச் சத்தமாச் சொல்லுங்க, கேக்கட்டும்... கேட்டுச்சா? என்ன பண்றாரு?... மொகத்தைத் திருப்பிக்கிட்டாரா. சரி.

ம்... ம்... இல்ல, அதை யாருகிட்டயும் சொல்லாதீகண்ணே, ஒங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். அரிசிப் பையை மடியில வச்சு மாமன் வெளையாண்டாருன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தேவகோட்டையில நடமாட முடியாது... என்ன சொன்னீக?... பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாருன்னா?... நீங்களா சொல்றீக, அப்படி?... நாந்தேன் ஈரத்தோட தூக்குனேன்னு சொல்லுவீகளா...

நல்லா இருப்பீக. சரிண்ணே. அப்படியே சொல்லிருவோம்... அவருக்கும் கேட்டுச்சா?... இப்ப அழுகுறாரா?... வலியாத்தேன் இருக்கும்னு வச்சுக்கங்க. பாக்காத மாதிரி இருங்க... ம்... தூக்குங்க, மதினியும் நீங்களுமாத் தூக்குங்க. காலு தொங்கக் கூடாது. நான் ஃபோனை வைக்கிறேன்.