அடுப்பருகே காணாமல் போன உப்பு

— அடுப்புப் பக்கத்துலயா வச்சீங்க? எஜிதியோ ஐயா, அந்தத் தாள் பெட்டியையா?

— வாசல்ல மைனஸ் நாலு டிகிரி, டாக்டரம்மா. எங்க சாணிக்குழி மூடியைப் பாக்கப் போறேன்னு நீங்க போய் ரெண்டு மணி நேரம் ஆச்சு. காத்துத் தூசியைப் பிடிச்ச வடிகட்டித் தாளெல்லாம் விறைச்சுப் போயிடுமேன்னு உள்ள எடுத்து வச்சேன். காபி ஊத்தவா?

— ஐஸ் பைங்க எங்க?

— சன்னல்ல. ஏற்கெனவே நடுங்குற சாமானுக்கு ஐஸ் எதுக்கு? மிலான்காரங்க புத்தியே தனி.

— மன்னிக்கணும், நான் கொஞ்சம் உட்காந்துக்கிறேன். பதினாலு நாள் தாளுங்க அது. வியாழக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டுக் குழு முன்னாடி வைக்க வேண்டியது.

— தெரியுமே. பன்னெண்டு பண்ணையும் குழியை மூடினதுல காத்து சுத்தமாச்சான்னு பாப்பாங்க. ஆகலைன்னா பண்ணைக்கு முப்பது மாட்டை விக்கணும். வீடு வீடாப் போய் "மூடுங்கப்பா"ன்னு கெஞ்சினவனே நான்தான். ஆனா தாள் அப்படியே இருக்கே! கறுப்பு கூடப் போகல, பாருங்க.

— கறுப்பு போகாது. போனது உப்பு.

— உப்பா? காத்துலயா? கடல் எங்க கெடக்கு, எங்க லோதி ஊர் எங்க கெடக்கு!

— கடல் உப்பு இல்லைங்க. தொழுவத்துக்குள்ள நுழைஞ்சா மூக்கை எரிக்குமே, மூத்திர நெடி, அது அம்மோனியா. சாணிக்குழியிலேர்ந்து கிளம்புறதும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத வாயு. மிலான்ல கார் விடுற புகையிலேர்ந்து ஒரு அமிலம் உண்டாகுது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத வாயுதான். காத்து அசையாத குளிர் நாள்ல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொட்டா, திடமா ஆயிடும்.

— தொட்டாலேவா?

— தொட்டாலே. தூசியை விடப் பொடிசா, உப்புத் துகளா. ஆல்ப்ஸ் மலை தெரியலைன்னு தினமும் திட்டுறீங்களே, அதை மறைக்கிறதுல பெரிய பங்கு இதுக்குத்தான்.

— அட மரியம்மா தாயே! எங்க மாடு ரோசினா மூத்திரம் போனா ஆல்ப்ஸ் மறையுதா?

— ரோசினாவால தனியா முடியாது. கார் வேணும்.

— அங்க ரோட்டுல நின்னுக்கிட்டு எங்களைத் திட்டுறவனும், இங்க நின்னு அவனைத் திட்டுற நானும்... மூஞ்சியைப் பாத்தது கிடையாது. தலைக்கு மேல கூட்டு வேலை பாக்கறோம்!

— இன்னொண்ணு சொல்லட்டுங்களா? அந்த உப்பு உங்களுக்குப் பழக்கமானது. கொட்டகையில மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்கீங்க.

— வெள்ளை உரமா? அம்மோனியம் நைட்ரேட்டா?

— அதேதாங்க.

— நில்லுங்க, நில்லுங்க. நான் கோதுமைக்கு வீசுறதை வானமே தயார் பண்ணுதா? ஆலை இல்லாம, ஆள் இல்லாம?

— பண்ணி, நம்ம நுரையீரல் அடி வரைக்கும் அனுப்பியும் வைக்குது. ஆனா சூடு பட்டா நிக்காது. பிரிஞ்சு, பழையபடி ரெண்டு வாயுவா ஆயிடும். அதுக்குத்தான் ஐஸ்.

— அப்போ அந்த உப்பு... இப்ப எங்க?

— இங்கதான். இந்தச் சமையலறையில. நீங்க இழுக்கிற மூச்சுல, நான் இழுக்கிற மூச்சுல.

— சன்னலைத் திறக்கட்டுமா?

— அவ்வளவெல்லாம் இல்லைங்க. பதினாலு நாளுக்கும் சேர்த்து அஞ்சாறு கொசு எடை இருக்கும்.

— அஞ்சாறு கொசு! அதுலயா பன்னெண்டு பண்ணையோட தலையெழுத்து இருந்துச்சு? ஏன் டாக்டரம்மா, உப்பு போயிருந்தா எடை குறைவாத்தானே காட்டும்? எங்களுக்கு அது நல்லதுதானே?

— ஐயா!

— சும்மா கேட்டேன்.

— குறைஞ்சது மூடியாலயா, அடுப்பாலயான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.

— மூடியாலயே குறைஞ்சிருந்தா?

— தாள் சொல்லியிருக்கும். இப்ப அது ஊமை.

— அப்போ எங்க கதி?

— மனசு விட்டுடாதீங்க. "பண்ணையாளர் அறியாமல் சூடான இடத்தில் வைத்துவிட்டார்"னு எழுதறேன். எல்லாருக்கும் இன்னும் பதினாலு நாள் கொடுப்பாங்க.

— தெரிஞ்சே வச்சிருந்தா?

— வச்சவரோட பண்ணையை நீக்கிடுவாங்க. அவர் மட்டும் முப்பது மாட்டை வித்தாகணும்.

— மத்த பதினோரு பேருக்கும் பதினாலு நாள் உண்டுல்ல?

— உண்டு. எதுக்குக் கேக்கறீங்க?

— அந்த "அறியாமல்"ங்கிறதை அடிச்சிடுங்க, டாக்டரம்மா. சூடு பட்டா எடை குறையும்னு அக்டோபர்ல நீங்க உங்க வண்டி டிரைவர்கிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. குறையுற எடை எங்க போகும்கிறதுதான் தெரியாம இருந்துச்சு.