இரண்டு கேஸ்கட்

எந்த நட்டையும் நான் அவசரப்பட்டு முறுக்கியதில்லை. பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே, ஏதோ பதற்றத்தில் செய்துவிட்டான் என்று எழுதிக்கொள்ள வேண்டாம் ஐயா.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், தன் காருக்கு டர்போ வாங்கி வந்தார். டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அதனால் பிஸ்டன் அந்தக் காற்றை நெருக்கும் அளவை, கம்ப்ரஷனை, முதலில் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடித்து எஞ்சினை உள்ளிருந்தே நொறுக்கும். தலை குழிந்த பிஸ்டன் போட்டால் போதும். அதையும் அவரே வாங்கித் தந்தார்.

"மச்சானுக்கு டர்போன்னா ஏதோ ஃபேன்னு நினைப்பு. பார்த்துப் பண்ணுங்க மச்சான்" என்றார், வந்திருந்தவர்கள் முன்னால். எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அசட்டுத்தனமாக நானும் சிரித்தேன்.

பிஸ்டனைச் சரியாகத்தான் போட்டேன். கெடுத்தது கைப்பழக்கம். பழைய எஞ்சின்களுக்கு இழுவை கூட்ட, மேல்மூடியான ஹெட்டை இழைத்து இழைத்தே பேர் வாங்கியவன் நான். அதே பழக்கத்தில் இதையும் இழைத்துவிட்டேன். இழைத்தால் உள்ளே இடம் குறைந்து கம்ப்ரஷன் ஏறும். குறைக்க வேண்டியதை நானே ஏற்றி வைத்தேன். இனி வேறு ஹெட் தேட வேண்டும், ஏன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, காரணம்தான் வேறு.

ஹெட்டுக்கு அடியில், காற்று கசியாமல் அடைக்கும் தகடான கேஸ்கட் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டை வைத்து மூடினேன். இடைவெளி கூடியது. மீட்டரில் கம்ப்ரஷன் சொன்னபடி இறங்கிக் காட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மெதுவாக ஓட்டினால் தாங்கும். டர்போ முழு மூச்சில் தள்ளினால் இரண்டுக்கும் நடுவே பிய்த்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாததல்ல.

மாப்பிள்ளை மீட்டரைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களைக் கிண்டல் பண்ணினது தப்பு மச்சான். உங்க கை யாருக்கு வரும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாராட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

மலைச்சாலை ஏற்றத்தில் லாரியை முந்தும்போது கேஸ்கட் பிய்ந்தது. இழுவை செத்துவிட்டது. எதிரே பஸ். அங்கே கிடந்ததை நீங்கள் நேரிலேயே பார்த்தீர்கள்.

எஞ்சின்தான் போகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். வீட்டில் இதையே சொல்லி அழுதேன். உங்களிடமும் முதலில் இதையே சொன்னேன். நானே நம்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று தங்கை வந்து எதிரே உட்கார்ந்தாள். அன்று அவளும் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான்தான் போய், "முதல் ஓட்டம், மாப்பிள்ளை தனியாப் போயிட்டு வரட்டும். நீ இறங்கும்மா" என்றேன்.

"எஞ்சின்தான் போகும்னா, என்னை ஏன் அண்ணா இறக்கிவிட்டே?" என்று கேட்டாள்.

அவள் இறங்க மாட்டேன் என்று சிணுங்கினாள் ஐயா. குனிந்து அவள் சீட் பெல்ட்டை அவிழ்த்தது நான்தான். நிதானமாகத்தான் அவிழ்த்தேன்.