தளர்த்தக் கூடாத நட்டு: சர்தார் பாஷா அவர்களுக்குப் பணிநிறைவு மடல்

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையின் வாகனப் பணிமனையைக் கண்ணாய்க் காத்த காவலரே, டீசல் கறை படிந்த கையிலும் தூய்மை குன்றாத நெஞ்சினரே, எங்கள் சர்தார் பாஷா அவர்களே, வணக்கமும் சலாமும்!

பழைய டீசல் கார்களின் காலத்தில் மெக்கானிக்காய்ப் பணியேற்றீர்கள். அன்று பம்பு ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து டீசலைத் தள்ளும். எது சோம்புகிறதென அறிய, ஓடும் என்ஜினிலேயே ஒவ்வொரு குழாய் நட்டாகச் சற்றே தளர்த்தி, அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் செய்வீர்கள். என்ஜினின் ஓசை மாறாவிட்டால் அந்தச் சிலிண்டர்தான் சோம்பேறி. கையில் வழிந்த டீசலைக் கந்தையில் துடைத்துவிட்டு டீக்கடைக்கு நடப்பீர்கள். மாதனூர்ச் சாலையில் நின்ற வண்டி உங்கள் அதட்டலுக்கே எழுந்துவிடும் என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள்.

பின்பு காமன் ரெயில் கார் வந்தது. புகை கம்மி, சத்தம் கம்மி, மைலேஜ் ஜாஸ்தி. அதில் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில், ஆளின் தோலையே துளைக்கும் அழுத்தத்தில் டீசல் அடைபட்டுக் கிடக்கும்; எப்போது, எவ்வளவு பாய்ச்சுவதென்று கணினி முடிவு செய்யும்.

இத்தகைய மடலில் குறை கூறுதல் மரபன்று. ஆயினும் போன வாரம் எங்களைக் கூப்பிட்டு, "என் தப்ப படிக்கலன்னா எனக்கு மடலே வேணாம்பா. புதுசா வர்றவங்க கேட்டுக்கணும்" என்றீர்கள். மனம் ஒப்பாமலே படிக்கிறோம்.

முதல் காமன் ரெயில் கார் உதறி உதறி ஓடியபோது, பழைய பழக்கத்தில், உதவிக்கு நின்ற பையனிடம், "நவீத், ரெண்டாவது நட்ட கொஞ்சம் லூஸ் பண்ணு" என்றீர்கள். பீறிட்ட டீசல் நவீதின் விரல்களைத் துளைத்தது. வெளியே ஊசி குத்திய தடந்தான். வலிகூடப் பெரிதாக இல்லை. "இன்னா ஆய்டும், கழுவிட்டு வேலைய பாரு" என்றீர்கள். உள்ளே போன டீசலால் சாயங்காலத்துக்குள் கை வீங்கிக் கறுத்தது. பதறியடித்து வேலூருக்குக் கொண்டு ஓடினீர்கள். உடனே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

அதன்பின் சென்னைக்குப் போய், மகன் வயதுக்காரர்களோடு அமர்ந்து புதிய என்ஜினைப் படித்தீர்கள். என்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கும்வரை எவரையும் குழாயருகே விடவில்லை. தாமதத்துக்காக மேலதிகாரிகள் ஏசியதையும் வாங்கிக்கொண்டீர்கள். அன்றுமுதல் எங்களில் எவர் கைக்கும் ஊறு நேரவில்லை. உங்கள் சிரிப்பு மட்டும் திரும்பவே இல்லை. அது எங்களுக்குப் பெரும் வருத்தம்.

பேரக்குழந்தைகள் சூழ, நோயின்றி, நிம்மதியாய் உறங்கி நெடுங்காலம் வாழ வேண்டும் நீங்கள்.

இதை வாசிப்பவன் நவீத். பெருநாள் தொழுகை முடிந்ததும் எல்லோரையும் கட்டித் தழுவுகிறீர்கள். என்னிடம் மட்டும் நெஞ்சில் கைவைத்து, எட்டி நின்றே சலாம் சொல்லிப் போய்விடுகிறீர்கள். எனக்கு இப்போது வலிப்பதில்லை, பாய். இந்த மடலை வலக்கையில்தான் நீட்டுகிறேன். என் கையையும் சேர்த்துப் பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இவண்,
வாகனப் பணிமனைத் தோழர்கள்,
ஆம்பூர்