சுவரிலிருந்து நான் கழற்றிய கிடார்

என் பெயர் ஹாஜிரா, வயது 47, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற முகமது காசிம். புதுச்சேரி முல்லா வீதியில் எங்கள் பூர்வீக வீட்டில் என் அண்ணன் அக்பர் அலி குடும்பத்துடன் வசித்து வருகிறேன். திருமணம் ஆகவில்லை. வீட்டின் முன்பகுதியில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்து இருபத்தாறு வருடமாக நடத்தி வருகிறேன். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். காபி கடை நடத்தும் ஹரிகிருஷ்ணன் என்பவர் என் மேல் கொடுத்திருக்கும் புகார் மனு சம்பந்தமாக இன்று 15.02.2025 காலை பத்தரை மணிக்கு நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் நிர்மலாதேவி அவர்கள் முன்பாக இதைச் சொல்கிறேன்.

பழைய இசைத்தட்டுகளையும் பழைய கிடார்களையும் தேடி வாங்குவது என் பழக்கம். மனுவில் என்னைப் 'பழைய சாமான் பைத்தியம்' என்று எழுதியிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் வருடம் மெஷின் பாகங்கள் வாங்குவதற்காகக் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனபோது, தரையில் விரித்த சாக்கின் மேல் இசைத்தட்டு ஒன்று கிடந்தது. அதன் உறையின் பின்பக்கம் பிரெஞ்சில் ஏதோ கையால் எழுதியிருந்தது. வீட்டில் அதைப் போட்டுக் கேட்கக் கருவி கிடையாது, ஆனாலும் வாங்கினேன். எதிர்வீட்டில் இருக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஐயாவிடம் படிக்கச் சொன்னேன். 'இதை என் தங்கை தொடக்கூடாது' என்று எழுதியிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகாமல் இருந்ததில்லை.

கிடார் என்றால் முதலில் நடுவில் இருக்கும் துளையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பேன். பூஞ்சை வாசனை என்றால் வெயிலில் சரியாகும், எலி மூத்திர வாசனை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அதன் பிறகு முதுகுப் பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், உள்ளே எந்தக் கட்டை ஒட்டு விட்டிருக்கிறது என்று சத்தத்திலேயே தெரியும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் செய்தவரின் பென்சில் கோடுகள் தெரியும். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவர் நினைத்துப் போட்ட கோடுகள் அவை. அந்த நேரத்தில் எனக்கு ஏற்படும் சந்தோஷத்தை நான் யாரிடமும் மறைத்ததில்லை. எனக்கு வாசிக்கத் தெரியுமா என்று தாங்கள் கேட்டீர்கள். தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன், அதே சந்தையில் ஒரு சின்ன இசைத்தட்டு கிடைத்தது. 1980இல் நம் ஊர் நீலக்கரை மெல்லிசைக் குழுவினர் தாங்களே போட்ட தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. உறையில் ஐந்து ஆண்களும் நடுவில் தாவணி போட்ட ஒரு பெண்ணும் நின்றார்கள். அந்தப் பெண்ணின் கையில் கிடார். கம்பியை முறுக்கும் ஆறு திருகுகளில் ஐந்து வெள்ளை, ஒன்று மட்டும் கறுப்பு. பின்பக்கம் 'கிடார்: சுலோசனா' என்று போட்டிருந்தது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் ஒரு பெண் மேடையேறிக் கிடார் வாசித்தாரா என்று எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. அவரைக் கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு விசாரித்ததில், அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த கலியமூர்த்தி என்பவர் உழவர்கரையில் இருப்பது தெரிந்து, அவர் மூலமாக, சுலோசனா அம்மாள் பிள்ளைச்சாவடியில் மகன் வீட்டில் இருப்பது தெரிந்து, சென்ற வருடம் ஆகஸ்ட் மாதம் நேரில் போய்ப் பார்த்தேன். அவருக்கு வயது 67. உறையைக் கொடுத்ததும், நான் அவர் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். "மூஞ்ச ஏன் பாக்குற, கிடார பாரு" என்றார். "திருகு ஒண்ணு ஒடஞ்சி போச்சின்னு பழைய ரேடியோ பொட்டியிலேர்ந்து இத்த புடுங்கிப் போட்டேன். எங்கப்பா ஒரு வாரம் பேசல."

1982இல் பிரசவத்துக்குக் கடலூர் தாய்வீட்டுக்குப் போய், நாற்பதாம் நாள் குழந்தையுடன் திரும்பி வந்தபோது, சுவரில் கிடார் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்ததாகவும், கேட்டதற்கு அவர் கணவரின் தம்பி இராமதாஸ், "புள்ள பொறந்தாச்சில்ல, இன்னும் என்னா கிடாரு?" என்று சொன்னதாகவும், யாரிடம் கொடுத்தார் என்பதைக் கடைசி வரை சொல்லாமலே அவர் இறந்துவிட்டதாகவும் சுலோசனா அம்மாள் கூறினார். கண்ணில் பட்டால் சொல்கிறேன் என்று நான் சொன்னேன். "உன் கண்ணுல எங்க படப்போவுது" என்று சிரித்துவிட்டு உள்ளே போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார்.

அதன் பிறகு 04.02.2025 அன்று மனுதாரர் ஹரிகிருஷ்ணன் எனக்குப் போன் செய்தார். அவருடைய கடை கடற்கரைக்குப் பக்கத்து வீதியில் இருக்கிறது. பழைய தையல் மெஷின் கால்களின் மேல் கண்ணாடி போட்டு மேசைகளாக வைத்திருக்கிறார். காபி குடிக்க வருகிறவர்கள் சும்மா பெடலை மிதிப்பதால் சத்தம் வருகிறது என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய் ஆறு மேசைகளுக்கு எண்ணெய் விட்டு நிமிர்ந்தபோது, எதிர்ச்சுவரில் இசைத்தட்டுகளை வெட்டிச் செய்த கடிகாரங்களுக்கு நடுவில் ஒரு கிடார் இருந்தது. மாட்டியிருக்கவில்லை. முகப்புப் பலகையையும் முதுகுப் பலகையையும் துளைத்து நான்கு ஸ்க்ரூ போட்டுச் சுவரோடு முடுக்கியிருந்தது. திருகுகள் ஐந்து வெள்ளை, ஒன்று கறுப்பு.

நான் மனுதாரரிடம் அதை விலைக்குக் கேட்டேன். "அது சேல்ஸுக்கு இல்லீங்க. செவுத்துக்கு மேட்ச்சா தேடிப் புடிச்சது" என்றார். "தையல் மெஷின் ரிப்பேர் பண்றவங்களுக்கு எதுக்குங்க கிடார்?" என்றும் கேட்டார். கிடாருக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். "அப்ப வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. ஒரு காபியும் குடிக்கட்டும்" என்றார்.

அதன்படி 11.02.2025 செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நானும் சுலோசனா அம்மாளும் அந்தக் கடைக்குப் போனோம். மனுதாரர் சொன்னதை வழியிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கட்டி வந்திருந்தார். இரண்டு காபி வாங்கிக் குடித்தோம். அதன் பிறகு அவர் எழுந்து போய்ச் சுவருக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். உடனே கடையில் வேலை செய்பவர், "தொடக் கூடாதும்மா, ஓனர் திட்டுவாரு" என்றார். சுலோசனா அம்மாள் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கையில் அழுக்கு இருப்பது போல முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் என் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நாற்காலியின் மேல் ஏறினேன். அப்போது கடையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த மனுதாரர், "ஏய், என்னா பண்றீங்க? எறங்குங்க மொதல்ல" என்றார். "கழட்டிட்டு எறங்குறேன்" என்றேன். இரண்டு ஸ்க்ரூ உடனே வந்துவிட்டன. மற்ற இரண்டும் உப்புக்காற்றில் துரு ஏறி அசையவில்லை. அழுத்தித் திருகினால் பலகை பிளந்துவிடும் என்பதால் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அது ஊறும் வரை நாற்காலியிலேயே காத்திருந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கலாம். மனுதாரர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள் என்றேன். சிலர் போனில் படம் எடுத்தார்கள். நான் முகத்தை மூடவில்லை, ஓடவில்லை. எண்ணெய் ஊறியதும் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். நான்கையும் காபி சாஸரில் வைத்து, பில்லின் பின்பக்கம் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிப் பக்கத்தில் வைத்தேன்.

கிடாரைச் சுலோசனா அம்மாளிடம் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்து, ஸ்க்ரூ போட்ட நான்கு ஓட்டைகளிலும் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். மூன்று கம்பிகள்தான் மிச்சம் இருந்தன. அந்த மூன்றையும் முறுக்கிச் சுருதி சேர்த்தார். கொஞ்சம் வாசித்தார். தடுமாறியது, நின்று மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அதன் பிறகு எழுந்து மனுதாரரிடம், "வந்து பாத்துட்டேன் தம்பி. காபியும் குடிச்சிட்டேன். போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிடாருடன் வெளியே நடந்தார். நானும் அவருடன் போனேன். இதுதான் நடந்தது.

அதன் பிறகு மூன்று நாள் கிடார் என் கடையில் இருந்தது. ஓட்டைகளை அடைக்கவும் கம்பி மாட்டவும் சுலோசனா அம்மாள்தான் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மூன்று நாளும் கடைக்கு வந்த மெஷின் எதையும் நான் தொடவில்லை. இந்த வேலையைச் சுலோசனா அம்மாளுக்காகச் செய்தாயா, உன் ஆசைக்காகச் செய்தாயா என்று தாங்கள் கேட்டீர்கள். இரண்டும்தான். தேடியது கையில் கிடைத்த சந்தோஷம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துக் கிடாரையும் திருப்பிக் கொடுத்தால் மனுவை வாபஸ் வாங்குவதாக மனுதாரர் நேற்று என் அண்ணனிடம் சொல்லி அனுப்பினார். அண்ணன், "ஒரு கடுதாசிதான ஹாஜிரா. எழுதிக் குடுத்துடு. வாப்பா பேருக்கு ஸ்டேஷன் வாசப்படி வேணாம்" என்று அழாத குறையாகச் சொன்னார். "தப்பு பண்ணியிருந்தா எழுதலாம்ண்ணே" என்று சொல்லிவிட்டேன். இன்று வாசலில் நின்றுகொண்டிருப்பவர் அவர்தான். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

இன்று காலை சுலோசனா அம்மாளும் கிடாருடனும் இசைத்தட்டு உறையுடனும் வந்து ஆஜரானார். தாங்கள் கேட்டபோது மனுதாரரிடம் பில் இல்லை. சென்னையில் மொத்தமாக அலங்காரச் சாமான்கள் வாங்கியபோது சேர்ந்து வந்தது என்றார். படத்தைக் காட்டியதற்கு, "கறுப்புத் திருகு வச்ச கிடார் ஊர்ல ஒண்ணுதானா?" என்று கேட்டார். அப்போது சுலோசனா அம்மாள், அந்தத் திருகின் உள்பக்கம் ரேடியோவில் இருந்தபோது அளவு காட்டிய வெள்ளைக் கோடு ஒன்று இருக்கும் என்று சொல்ல, தாங்களே திருப்பிப் பார்த்தீர்கள், இருந்தது. மூன்று நாள் என் கடையில் இருந்ததே, நானே அதைப் பார்த்துச் சுலோசனா அம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்றார் மனுதாரர். யாருடைய பொருள் என்பதைக் கோர்ட்தான் தீர்மானிக்க வேண்டும் என்று தாங்கள் சொன்னீர்கள். சரி என்றேன்.

அதுவரை கிடாரை நிலையத்தில் வைக்க நான் சம்மதிக்கவில்லை. காற்றில்லாத அறையில் ஒரு வெயில்காலம் கிடந்தால் ஒட்டு விட்டுப்போகும், பிறகு யாருக்குத் தீர்ப்பானாலும் விறகைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். தாங்கள் மேலதிகாரியிடம் பேசிய பிறகு, கேட்கும்போது கொண்டுவந்து ஆஜர்படுத்த வேண்டும் என்று சுலோசனா அம்மாளிடம் எழுதி வாங்கிக்கொண்டு கிடாரை அவரிடமே கொடுத்தீர்கள். அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கடிதம் கொடுக்க மாட்டேன் என்று மனுதாரர் எதிரிலேயே சொல்லிவிட்டேன். என் மேல் வழக்குப் போட்டால் எல்லா வாய்தாவுக்கும் வந்து நிற்பேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டியபோது, 11ஆம் தேதி நடந்ததைச் சொல்லும் இடத்தில் 'கிடாரைத் திருடிச் சென்றேன்' என்று எழுதியிருந்தது. அது நான் சொன்ன வார்த்தை இல்லை என்பதால் கையெழுத்துப் போட மறுத்தேன். அந்த வரியை அடித்து, இப்போது உள்ளபடி எழுதப்பட்டது. அடித்த இடத்தின் ஓரத்தில் நானும் உதவி ஆய்வாளரும் சுருக்கொப்பம் போட்டிருக்கிறோம். மற்றதெல்லாம் என் வாயால் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்)
ஹாஜிரா

என் முன்பாகச் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டு, படித்துக் காட்டப்பட்டது.
நிர்மலாதேவி, உதவி ஆய்வாளர்
15.02.2025, பகல் 1.20 மணி