அஞ்சு மூலைச் சாவி

— இது வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கிளாம்பு, தங்கச்சி. பழைய பம்புசெட்டு இன்ஜினுக்கு உள்ளது. இப்ப எவனும் தொடறதில்ல.

— இந்த மூணு கால் வச்சது, ஜெக்கரியா பாய்?

— பேரிங் புல்லர். பல்லு புடுங்குற மாதிரி பேரிங்கைப் புடுங்கும். ஆமா, வளவன் லஸ்கராச்சே. மதகு ஷட்டரைத் தூக்கி இறக்குறவனுக்கு மெக்கானிக் சாமான் எதுக்கு?

— அவரோடது இல்ல பாய். மதகுக்குக் கீழ சேத்துல சாக்கோட கிடந்துச்சு. எது என்னன்னு தெரிஞ்சா என் வீட்டுக்காரரை ஜெயில்லேருந்து மீட்டுடலாமேன்னுதான் தூக்கிட்டு வந்தேன்.

— சேத்துல கிடந்த இரும்பா இது? துருவையே காணோம். கிரீஸ் மணக்குது, கேட்டுக்க.

— நான்தான் துடைச்சேன்.

— அடேயப்பா! மதிவதனி வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருப்பான்னு வளவன் பீத்திக்குவான். நேர்ல இன்னைக்குத்தான் பாக்குறேன். இரும்பையும் விட்டு வைக்கலியா நீ?

— கிண்டல் இருக்கட்டும் பாய். கடைசியா ஒண்ணு. இந்தக் கைப்பிடி வச்ச குழாய்.

— இப்படிக் குடு... யா அல்லா!

— என்ன பாய், திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க?

— வாயைப் பாத்தியா? அஞ்சு மூலை. எந்த இன்ஜின்லயும் எந்த லாரியிலயும் அஞ்சு மூலை நட்டு கிடையாது, கேட்டுக்க. இது ஷட்டர் சாவி. தண்ணி முறை வர்றதுக்குள்ள ஆளாளுக்கு ரெஞ்சைப் போட்டுத் திருகிடறானுங்கன்னு, திருகுத் தலையை அஞ்சு மூலையாக் கடைஞ்சு, சுத்தி இரும்பு வளையம் வச்சவன் நான். சாவி ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சு வளவன் கையில குடுத்தேன்.

— அதை போலீஸ் எடுத்துட்டுப் போயிடுச்சே. சாவி ஒண்ணுதான், அதனால திறந்ததும் அவர்தான்னு கேசு.

— பாவம் வீரையன். வாய்க்காலுக்குள்ள இறங்கி கோரை அறுத்துக்கிட்டிருந்தவன் தலைமேல தண்ணியைத் திறந்துவிட்டுட்டானுங்களே! தங்கச்சி, இது ரெண்டாவது சாவி. வெல்டு என் கை இல்ல. வளவன் பொழைச்சான் போ!

— செஞ்சது யாருன்னு சொல்ல முடியுமா?

— கைப்பிடி டிராக்டர் ராடு. வெல்டு அரைகுறை. டிராக்டரும் வெல்டிங் மெஷினும் வீட்டுலயே வச்சிருக்கிற பெரிய கை. தேடினா ஆளைக் காட்டிடுவேன்.

— வேற யார் பாத்தாலும் இதைக் கண்டுபிடிச்சுடுவாங்களா?

— ஹூம்! லாரி ஸ்பேனர்னு எடைக்குப் போட்டுடுவான். இன்னதுன்னு சொல்ல என்னை விட்டா ஆள் கிடையாது.

— நிச்சயமா?

— அல்லா அறிய.

— கோர்ட்டுல சொல்வீங்களா பாய்?

— சொல்லாம? வளவன் வெளியில வரணும், வீரையனைக் கொன்னவன் உள்ள போகணும்.

— அப்ப இப்பவே கிளம்புங்க. மயிலாடுதுறையில வக்கீல் காத்திருக்காரு. எங்கண்ணன் கார் வெளியில நிக்குது.

— கடையைப் பாத்துக்க ஆளில்லையே. எல்லாப் பயலும் அறுப்பு மெஷினோட போயிட்டானுங்க.

— நல்லதாப் போச்சு. பூட்டிட்டு வாங்க. யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்.

— அந்தச் சாவியைக் குடு, நான் வச்சிக்கிறேன்.

— என்கிட்டயே இருக்கட்டும் பாய். ஏறுங்க... அண்ணே, வண்டியை எடு.

— அப்பாடி, காருக்குள்ள குளிர் ஆளை அடிக்குதே! உங்கண்ணன் வாயே திறக்க மாட்டாரா?

— அவருக்குப் பேச்சு கம்மி.

— ஏம்ப்பா, திருவிடைமருதூர்லேருந்து நேரா கிழக்க போகாம இடது பக்கம் ஏன் திருப்புறே? இது கொள்ளிடக்கரைக்குப் போற பாதை.

— மெயின் ரோட்டுல பாலம் வேலை பாய்.

— காலையில அந்த வழியாத்தானே வந்தேன். ஒரு வேலையும் காணோமே!

— கதவுல கை வைக்காதீங்க.

— கண்ணாடியை இறக்கப் பாத்தேம்மா, அதுக்கு ஏன் கத்துறே? இரு, போன் அடிக்குது.

— எடுக்காதீங்க பாய்.

— புது நம்பரு. கடைக்கு வந்தவங்களா இருக்கும். இன்ஜின் சத்தத்துல காது மந்தமாப் போச்சு எனக்கு, ஸ்பீக்கர்ல போடறேன்... ஹலோ?

— ஜெக்கரியா பாய்ங்களா? உங்க கடை வாசல்லதான் நிக்கிறேன், பூட்டிக் கிடக்கு. நான் மதிவதனி பேசறேன் பாய்... லஸ்கர் வளவனோட சம்சாரம்.