பிறர் கார்டை அடித்த கை எழுதும் பாராட்டு மடல்

முப்பத்தோராண்டு காலம் எங்கள் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் நேரமும் காத்து நேர்மையும் காத்து, வருகிற செவ்வாய்க்கிழமை பணி நிறைவு பெறும் மாண்புமிகு நஞ்சம்மா அம்மையாருக்கு, உடன் உழைத்த தொழிலாளர்கள் தலை தாழ்த்திப் படித்தளிக்கும் மடல்

அம்மையீர்!

மத்திகிரி ஈன்ற மாண்பே! மணி தவறா மாதரசியே! வாயிற்கதவு திறக்குமுன் வந்தமர்ந்து, வருவோர் போவோர் வேளையெல்லாம் வழுவின்றி எழுதிவைத்த வாய்மையே! வணங்குகிறோம்.

மடலை அச்சிடக் கேட்டுப் போனபோது அச்சகத்தார், 'கருணைக் கடலே, கற்பக விருட்சமே' என்று எல்லா விழாவுக்கும் பொருந்தும்படி தயாராக வைத்திருந்த வரிகளை எடுத்து நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைப் புகழ்வது எளிது. நாங்கள் செய்ததைச் சொல்லாமல் உங்களைப் புகழ்ந்தால் அது இன்னொரு பொய்க் கார்டாகிவிடும். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று எழுதும் பணியை என்னிடம் தந்தார்கள். அந்தக் கை செய்த வேலை உங்களுக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் நீங்கள் பணியில் சேர்ந்தீர்கள். தமிழில் கெஞ்சியவருக்குத் தமிழிலும், கன்னடத்தில் குழைந்தவருக்குக் கன்னடத்திலும், தெலுங்கில் சண்டைக்கு வந்தவருக்குத் தெலுங்கிலும் 'முடியாது' என்று சொல்லும் வல்லமை இந்த ஓசூர் வட்டாரத்தில் உங்களையன்றி யாருக்கு உண்டு? மூக்கண்டப்பள்ளி டவுன் பஸ் வழியில் நின்றுபோன நாளில், நாங்கள் சொன்னதை நம்பாமல் டிப்போவிலேயே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு, எங்கள் வருகைக் கார்டுகளில் விழுந்த தாமதக் குறியை நீக்கித் தந்தவரும் நீங்களே. உண்மைக்கு ஒரு வழி, எங்களுக்கு ஒரு வழி என்று நீங்கள் வைத்ததில்லை.

அம்மையீர்! இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக்கு வருகிறேன்.

எங்கள் தோழர் மோகன்குமாரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் பிரிந்த வழக்கில் நீதிமன்றம் ஓர் உத்தரவு இட்டிருந்தது. ஆறு வயது மகள் மோகனப்ரியா தந்தையோடு இருந்து படிக்கலாம். மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் காலை பத்து மணிக்குத் தந்தையே அவளைப் பேரிகையில் தாய்வீட்டில் கொண்டு விட வேண்டும். மோகன்குமார் விடவில்லை. அந்த ஞாயிறுகளில் மகளை அழைத்துக்கொண்டு கர்நாடக எல்லைக்கு அந்தப்புறம் அத்திப்பள்ளியில் தமக்கை வீட்டுக்குப் போய்விடுவார். "ஆர்டரு ஓசூரு கோர்ட்டுதுதானே? செக்போஸ்ட்டத் தாண்டிட்டா அது செல்லாதுடா" என்று சட்டம் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பூபதி. லாரிக்குப் பர்மிட் பார்க்கிற செக்போஸ்ட் தகப்பனின் கடமையையும் தடுத்து நிறுத்திவிடும் என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம்.

அப்படியும் யாரேனும் கேட்டால், மோகன்குமார் இங்கே ஓவர்டைமில் இருந்ததாகக் காட்ட அவர் கார்டைக் கடிகாரத்தில் செருகி அடிக்க வேண்டியிருந்தது. ஞாயிறு உங்களுக்கு விடுமுறை. ஆறு ஞாயிறுகள், என் கார்டை அடித்த கையோடு அவர் கார்டையும் அடித்தேன். தோழனுக்குத் தோழன் செய்யும் உதவி என்று பெருமையாகவே நினைத்தேன்.

அந்த ஆறில் நான்காவது ஞாயிறு ராஜலட்சுமி ஆலை வாசலுக்கே வந்தார். கையில் ஒரு துணிப்பை. அவரிடம் பேச என்னை அனுப்பினார்கள்.

"அவரு உள்ள ட்யூட்டில இருக்காருங்க" என்றேன்.

"பாப்பா யாருகிட்டங்க இருக்கறா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். எனக்குத் தெரியும். அவர் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஷிப்ட் முடியும் வரை உட்கார்ந்திருந்தார். நாங்கள் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனோம்.

அதன்பின் அவர் நீதிமன்ற அவமதிப்பு மனுப் போட்டார். ஓவர்டைம் இருந்தது, வர முடியவில்லை என்று மோகன்குமார் பதில் தந்தார். கார்டுகளோடு உங்களை வந்து சாட்சி சொல்லச் சொன்னது நீதிமன்றம்.

முந்தின நாள் என்னை ஜன்னலுக்கு அழைத்தீர்கள். ஆறு ஞாயிறும் இரண்டு கார்டிலும் ஒரே நிமிடம் விழுந்திருந்தது. அதுகூடப் போகட்டும். "ஏப்பா ரத்தினவேலு, அவரு லேத்து மிசினு அந்த மூணு மாசமும் கழட்டிப் போட்டு தார்ப்பாய்ல மூடி இருந்துதே. எதுல நின்னு ஓட்டுனாரு?" என்று கேட்டீர்கள். திருட்டைக்கூடத் திருத்தமாகச் செய்யத் தெரியாத கூட்டம் நாங்கள்! "நாளைக்கிப் பத்து மணி வரைக்கும் டைம் இருக்குது. நீங்களே போயி ஒத்துக்குங்க. நான் சொன்னா உங்களுக்குத்தான் கேவலம்" என்றீர்கள்.

நாங்கள் போகவில்லை. நீங்கள் போனீர்கள், உள்ளதைச் சொன்னீர்கள். மோகன்குமார் திறந்த நீதிமன்றத்தில் கைகட்டி மன்னிப்புக் கேட்டார். இன்னொரு முறை மீறினால் சிறை என்று எச்சரித்து அனுப்பினார்கள். எனக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன்.

அதற்கு நாங்கள் உங்களுக்குத் தந்த பரிசை இந்த அவையில் சொல்லியாக வேண்டும். 'காட்டிக்கொடுத்தவள்' என்றோம். கேன்டீனில் நீங்கள் உட்கார்ந்த மேசையை விட்டு எழுந்து போனோம். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் வாட்ச்மேன் கூண்டு வரை பொரிப் பொட்டலம் கொடுத்துவிட்டு, டைம் ஆபீஸ் ஜன்னலை மட்டும் மூன்று ஆண்டுகள் தாண்டிப் போனோம். குலாம் முகம்மது பாய் ஒருவர்தான் தம் பொட்டலத்தைப் பிரித்து உங்கள் மேசையில் பாதியை வைத்தார். நீங்களோ அந்த மூன்று ஆண்டுகளில் எங்களில் ஒருவர் கார்டிலும் ஒரு நிமிடம் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்போம், அம்மா.

சென்ற ஆண்டு பேரிகைச் சந்தையில் தாயையும் மகளையும் பார்த்தேன். மகளுக்குச் சிக்கெடுத்து இரட்டைச் சடை பின்னி, கனகாம்பரம் வைத்திருந்தார் ராஜலட்சுமி. "அம்மா, இந்த மாமா அப்பா கம்பெனி" என்றாள் சிறுமி. ராஜலட்சுமி என்னை அடையாளம் கண்டுகொண்டார். தாம் வாங்கிய கொய்யாப்பழத்தில் ஒன்றை மகள் கையில் கொடுத்து, "மாமாவுக்குக் குடு சாமி" என்றார். வாங்கிக்கொண்டேன், தின்ன முடியவில்லை. ஆறு ஞாயிறுகள் அந்தச் சடையைப் பின்னவிடாமல் செய்தவன் நான். ஞாயிறுகளைத் திருப்பித் தர எந்தக் கடிகாரமும் இல்லை.

வெட்கப்படுகிறோம், அம்மையீர். மூன்றாண்டு தாமதமாக வெட்கப்படுகிறோம். உங்கள் பேரேட்டில் இதற்கும் தாமதக் குறி போட்டுக்கொள்ளுங்கள். இம்முறை நீக்கித் தர வேண்டாம்.

நீங்கள் நோயின்றி, நொடிப்பின்றி, நூறாண்டு வாழ்க! விடிகாலைச் சைரனுக்கு இனி விழிக்காமல், மத்திகிரி வீட்டில் வெயில் ஏறும் வரை நிம்மதியாக உறங்குக! வருகிற ஆயுத பூசைப் பொரி உங்கள் வீட்டுக்கே வரும். கதவைத் திறப்பதும் திறவாததும் உங்கள் விருப்பம்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். இம்மடலின் கீழ் அவரவர் பெயருக்கு நேரே அவரவரே கையெழுத்திட்டிருக்கிறோம். ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. மையைத் தொட்டுக் கொடுத்தால் நிரப்ப இங்கே பத்துப் பேர் உண்டு, பழைய பழக்கம்! ஆனால் இன்று ஜூன் மாதத்தின் நான்காம் ஞாயிறு. மகளோடு பேரிகை பஸ் ஏறுமுன் அந்தத் தோழர் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனது இது: "டீச்சருகிட்ட லீவு லெட்டரு குடுக்கற மாதிரி அம்மாகிட்டச் சொல்லிருங்க. சாயங்காலம் வந்து நானே போடறேன். அதுக்குள்ள எவனும் என் பேருல போட்டுறாதீங்கடா."

எவரும் போடவில்லை, அம்மா.

ஓசூர்
28.6.2009

தத்தம் கையால்,

ரத்தினவேல் (ஒப்பம்)
பூபதி (ஒப்பம்)
குலாம் முகம்மது (ஒப்பம்)
திம்மராயன் (ஒப்பம்)
மோகன்குமார் ........................